பார்கோடு ஸ்கேனர்: கடைக் கல்லாவிலிருந்து இணைய உலாவி வரை

பார்கோடு ஸ்கேனர் என்பது பொருள்களின் மேல் அச்சிடப்பட்ட கோட்டுக் குறியை ஒளியால் படித்து, அதிலுள்ள எண்ணையோ எழுத்தையோ கணினிக்குத் தரும் கருவி ஆகும். தமிழில் பார்கோடைப் பட்டைக்குறி என்றும் ஸ்கேனரை வருடி என்றும் எழுதுவதுண்டு. கடைத்தெருவில் புழங்குபவை முன்னைய சொற்களே என்பதால் இக்கட்டுரையிலும் அவையே கையாளப்படுகின்றன.

மளிகைக் கடையின் கல்லாவுக்காகப் பிறந்த இக்கருவி, இன்று நூலகம், மருத்துவ ஆய்வகம், சரக்குக் கிடங்கு எனப் பல இடங்களில் உலாவிக்குள் ஓடும் வலைச் செயலிகளுக்குத் தரவு ஊட்டுகிறது. ஒரு வலைப்பக்கத்தோடு ஸ்கேனரை இணைக்கப் பெரும்பாலும் தனி மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. கம்பியைச் செருகினால் போதும், பெட்டியில் எண் வந்து விழும். இந்த எளிமைக்குக் காரணம் ஸ்கேனர் போட்டுக்கொண்ட ஒரு வேடம். அது தன்னை விசைப்பலகை என்று கணினியிடம் சொல்லிக்கொள்கிறது. அந்த வேடத்தால் கிடைத்த வசதிகளும் வந்த தொல்லைகளும் ஒன்றையொன்று பிரிக்க முடியாதவை.

மணலில் இழுத்த கோடுகள்

1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் இருந்த டிரெக்ஸல் தொழில்நுட்பக் கல்லூரிக்கு உணவுப்பொருள் கடைகள் பலவற்றை நடத்திய நிறுவனமொன்றின் தலைவர் வந்தார். கல்லாவில் பொருளின் விவரத்தைத் தானாகப் பதிந்துகொள்ள ஏதேனும் வழி கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கல்லூரி முதல்வரிடம் கேட்டார். முதல்வர் அதில் ஆர்வம் காட்டவில்லை. அந்தப் பேச்சு பெர்னார்ட் சில்வர் என்ற முதுநிலை மாணவரின் காதில் விழுந்தது. அவர் தம் நண்பர் நார்மன் ஜோசப் உட்லண்டிடம் அதைச் சொன்னார்.

உட்லண்ட் சிறு வயதில் சாரணர் இயக்கத்தில் மோர்ஸ் தந்திக் குறிகளைக் கற்றவர். அந்தக் குளிர்காலத்தில் மியாமி கடற்கரையில் அமர்ந்திருந்தபோது, மணலில் மோர்ஸ் புள்ளிகளையும் கோடுகளையும் குத்திப் பார்த்தார். பின்பு விரல்களால் அவற்றைத் தம் பக்கமாக இழுத்தார். புள்ளி மெல்லிய கோடாகவும், சிறு கோடு தடித்த பட்டையாகவும் நீண்டது. பார்கோடின் கரு அதுதான். 1949 அக்டோபரில் இருவரும் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1952 அக்டோபர் 7 அன்று அதைப் பெற்றனர். எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் படிக்க வேண்டும் என்பதற்காகக் கோடுகளை வளைத்து, அம்பெய்தும் பலகையைப் போல வட்டத்துக்குள் வட்டமாகவும் அமைத்திருந்தனர்.

அவர்கள் செய்த முதல் படிப்பான் ஒரு மேசை அளவு இருந்தது. 500 வாட் மின்விளக்கும், திரைப்பட ஒலித்தடத்தைப் படிக்கப் பயன்பட்ட ஒளிமின் குழாயும் அதன் உறுப்புகள். விளக்கின் சூட்டில் தாள் புகைந்தது. ஆனால் கருவி படித்தது. கடைக்காரர் வாங்கக்கூடிய விலையில் கணினியும் இல்லை, கூர்மையான ஒளிக்கு லேசரும் இல்லை. முதல் லேசர் 1960இல்தான் ஒளிர்ந்தது. காப்புரிமையை இருவரும் 15,000 டாலருக்கு விற்றுவிட்டனர். சில்வர் 1963இல், நாற்பது வயதைக்கூட எட்டாமல் இறந்தார். 1969இல் காப்புரிமைக் காலமும் முடிந்துபோயிற்று.

இடையில் அமெரிக்க இரயில்வே நிறுவனங்கள் சரக்குப் பெட்டிகளின் பக்கவாட்டில் வண்ணப் பட்டைகளை ஒட்டி, ஓடும்போதே படிக்க முயன்றன. புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த பட்டைகளைப் படிக்க முடியாமல், 1970களின் இறுதிக்குள் அத்திட்டம் கைவிடப்பட்டது.

67 சென்ட் சூயிங்கம்

மளிகைத் துறை 1970இல் ஒரு குழுவை அமைத்து, எல்லா நிறுவனங்களும் ஏற்கக்கூடிய ஒரே குறியைத் தேடியது. ஆர்.சி.ஏ. நிறுவனம் 1972இல் சின்சினாட்டி நகரின் கடையொன்றில் வட்டக் குறியைச் சோதித்துப் பார்த்தது. அச்சிடும்போது மை இழுபட்டால் வட்டம் கலங்கிப் படிக்க முடியாமல் போனது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் நேர்கோடுகளைத் தேர்ந்தார். கோட்டின் நீளவாக்கில் மை இழுபட்டால் கோடு சற்று நீளும், அவ்வளவுதான், அகலம் மாறாது. தகவல் அகலத்தில் இருப்பதால் இழப்பில்லை. 1973 ஏப்ரல் 3 அன்று அவருடைய வடிவமே தெரிவு செய்யப்பட்டது. உட்லண்டும் அப்போது ஐ.பி.எம். ஊழியராக இருந்தார்.

1974 ஜூன் 26 காலை, ஓஹாயோ மாநிலத்தின் டிராய் ஊரில் மார்ஷ் பேரங்காடியில் ரிக்லி நிறுவனத்தின் சூயிங்கம் கட்டு ஒன்று ஸ்கேனரின் மேல் நகர்த்தப்பட்டது. 67 சென்ட் என்று கல்லா காட்டியது. கடையில் விற்கப்பட்ட பொருளொன்றின் இந்தப் புதிய பார்கோடு படிக்கப்பட்டது அதுவே முதல் முறை.

அதற்குப் பின் எல்லாம் வேகமாக நடந்ததாகப் பல நூல்கள் எழுதுகின்றன. உண்மை அப்படியில்லை. ஸ்கேனர் விலை அதிகம். பார்கோடு அச்சிட்ட பொருள்களோ குறைவு. கடைகள் வாங்கினால்தான் அச்சிடுவோம் என்று உற்பத்தியாளரும், அச்சிட்டால்தான் வாங்குவோம் என்று கடைக்காரரும் காத்திருந்தனர். 1976இல் அமெரிக்க வணிக இதழொன்று பேரங்காடி ஸ்கேனர் தோற்றுவிட்டது என்றே தலைப்பிட்டது. கல்லாப் பணியாளர் சங்கங்கள் வேலை பறிபோகும் என்று அஞ்சின. நுகர்வோர் அமைப்புகளின் கவலை வேறு. பொருளின் மேல் விலை ஒட்டுவதை நிறுத்திவிட்டால், அடுக்கில் எழுதிய விலையும் கணினியிலுள்ள விலையும் ஒன்றுதானா என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? இது நியாயமான கேள்வி. மிச்சிகன் மாநிலம் 1976இல் ஒவ்வொரு பொருளிலும் விலை இருக்க வேண்டும் என்று சட்டமே இயற்றியது. அச்சட்டம் 2011 வரை நீடித்தது.

கடைசி இலக்கத்தின் வேலை

அமெரிக்கப் பொருள்களின் குறியில் 12 இலக்கங்கள் இருந்தன. 1977இல் ஐரோப்பிய நாடுகள் தொடங்கிய அமைப்பு 13 இலக்கக் குறியைக் கொண்டுவந்தது. இந்தியாவில் பதிவு பெறும் எண்கள் 890 என்றும், இலங்கையில் பதிவு பெறுபவை 479 என்றும் தொடங்கும். 890 என்றிருந்தால் இந்தியாவில் செய்த பொருள் என்று பலர் எண்ணுவது சரியன்று. அந்த எண்ணை வழங்கிய அமைப்பு எந்த நாட்டுடையது என்பதை மட்டுமே அது காட்டும். புத்தகங்களுக்கு நாடு கிடையாது. அவற்றின் பார்கோடு 978 அல்லது 979 என்று தொடங்கும்.

பதின்மூன்றாவது இலக்கம் சோதனை இலக்கம். முதல் 12 இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக 890123456789 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். ஒற்றைப்படை இடங்களில் உள்ள 8, 0, 2, 4, 6, 8 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 28. இரட்டைப்படை இடங்களில் உள்ள 9, 1, 3, 5, 7, 9 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 34. அதை மூன்றால் பெருக்க 102. இரண்டும் சேர்ந்து 130. இது பத்தின் மடங்கு என்பதால் சேர்க்க வேண்டியது ஏதுமில்லை. சோதனை இலக்கம் 0. இனி 5, 6 என்பதை இடம் மாற்றி 6, 5 என்று எழுதினால் கூட்டுத்தொகை 132 ஆகும். சோதனை இலக்கம் 8 என்று வர வேண்டும். 0 இருப்பதைப் பார்த்ததும் பிழை வெளிப்பட்டுவிடும்.

ஓர் இலக்கம் மட்டும் மாறினால் இம்முறை தவறாமல் கண்டுபிடிக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் பெரும்பாலும் கண்டுபிடிக்கும். அவற்றின் வேறுபாடு சரியாக 5 என்றால், அதாவது 1-6, 2-7 போன்ற இணைகள் இடம் மாறினால், தப்பிவிடும். இந்தக் கணக்கை ஸ்கேனர் தானே செய்து, பொருந்தாவிட்டால் எதையும் அனுப்பாமல் இருந்துவிடும். ஒட்டுத்தாள் கிழிந்து, பணியாளர் எண்ணைக் கையால் அடிக்கும்போதுதான் ஆபத்து. அதனால்தான் நல்ல வலைச் செயலிகள் ஸ்கேனரை நம்பியிராமல் இக்கணக்கைத் தாமும் ஒருமுறை செய்து பார்க்கின்றன.

நடுவில் அறைந்த ஆப்பு

தொடக்கத்தில் ஸ்கேனர் கல்லா இயந்திரத்தின் ஓர் உறுப்பு. இரண்டையும் ஒரே ஏற்பாட்டில் வாங்கிப் பொருத்தினர். 1980களில் மேசைக் கணினி பரவியது. துப்பாக்கி போலப் பிடித்துக்கொள்ளும் லேசர் ஸ்கேனர்களும் வந்தன. இப்போது ஒரு சிக்கல். கணினியின் தொடர் இணைப்பு வாயில் வழியே ஸ்கேனரை இணைத்தால், அந்த வாயிலைக் கவனிக்கும்படி ஒவ்வொரு நிரலையும் திருத்தி எழுத வேண்டும். சிறு கடையிலோ கிடங்கிலோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கணக்கு நிரலைத் திருத்த யார் இருந்தார்கள்?

தீர்வு விசைப்பலகைக் கம்பியில் இருந்தது. விசையை அழுத்தும்போது ஒரு குறியெண்ணையும், விடும்போது இன்னொரு குறியெண்ணையும் விசைப்பலகை கணினிக்கு அனுப்புகிறது. விசைப்பலகைக்கும் கணினிக்கும் நடுவே ஒரு சிறு பெட்டியைச் செருகி, ஸ்கேனர் படித்த ஒவ்வொரு இலக்கத்துக்கும் அதே குறியெண்களை அதன்வழி அனுப்பினால், யாரோ மின்னல் வேகத்தில் தட்டச்சு செய்கிறார் என்று கணினி நினைத்துக்கொள்ளும். எந்த நிரலையும் திருத்த வேண்டியதில்லை. நடுவில் அறைந்த ஆப்பு போல இருந்ததால் இதற்கு கீபோர்டு வெட்ஜ் என்று பெயர் வந்தது. 1996இல் யூ.எஸ்.பி. வந்தபின் பெட்டி மறைந்தது. விசைப்பலகை, மவுஸ் போன்றவற்றுக்காக வகுத்த பொது விதியைப் பின்பற்றி, ஸ்கேனரே விசைப்பலகையாகத் தன்னை அறிமுகம் செய்துகொண்டது. பெட்டி போனாலும் வெட்ஜ் என்ற பெயர் தங்கிவிட்டது.

பூனை வடிவ ஸ்கேனர்

ஸ்கேனரையும் இணையத்தையும் முதன்முதலில் பெருமளவில் இணைக்கப் பார்த்த முயற்சி ஒரு வேடிக்கையான தோல்வி. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டிஜிட்டல் கன்வர்ஜன்ஸ் நிறுவனம் பூனை வடிவில் க்யூகேட் என்ற சிறு ஸ்கேனரைச் செய்து, இதழ்ச் சந்தாதாரர்களுக்கு அஞ்சலிலும் மின்பொருள் கடைகள் வழியாகவும் இலவசமாகத் தந்தது. இதழிலுள்ள விளம்பரத்தின் பார்கோடைப் பூனையால் வருடினால், அதற்குரிய வலைப்பக்கம் கணினியில் திறக்கும். இதுவும் விசைப்பலகைக்கு நடுவே செருகும் வெட்ஜ்தான். வலைப்பக்க முகவரியைக் கையால் அடிப்பதைவிட, இதழைத் தூக்கிக்கொண்டு கணினி முன் போய் உட்கார்ந்து பூனையைத் தேய்ப்பது எந்த வகையில் எளிது என்று மக்கள் கேட்டனர்.

ஒவ்வொரு கருவியிலும் தனி வரிசை எண் இருந்ததால், யார் எதைப் படித்தார் என்பதை நிறுவனம் அறிய முடியும் என்ற அச்சமும் எழுந்தது. அதே ஆண்டில் பதிவு செய்திருந்தோரின் விவரங்கள் கசிந்தன. ஆர்வலர்கள் கருவியின் எளிய மறைகுறியை உடைத்து, அதைச் சாதாரண ஸ்கேனராக மாற்றும் நிரல்களை வெளியிட்டனர். நிறுவனம் வழக்கறிஞர் கடிதம் அனுப்பிப் பார்த்தது. வணிகம் விரைவில் முடங்கியது. எஞ்சிய பூனைகளுக்கு நல்ல வாழ்வு பின்னர்தான் கிடைத்தது. 2005இல் தொடங்கிய லைப்ரரிதிங் என்ற வலைத்தளம், வீட்டுப் புத்தகங்களின் பார்கோடைப் படித்துப் பட்டியலிட விரும்புவோருக்கு அவற்றை மலிவாக விற்றது.

நூலக மேசையில் உலாவி

க்யூகேட் ஆரவாரமாக வந்த அதே 2000இன் ஜனவரியில், நியூசிலாந்தின் ஹோரோவெனுவா வட்டார நூலகத்தில் ஒரு புதிய மென்பொருள் ஓசையின்றி இயங்கத் தொடங்கியது. 2000 என்ற ஆண்டெண்ணைக் கையாள முடியாத பழைய நிரலுக்கு மாற்றாகச் செய்யப்பட்ட அதன் பெயர் கோஹா. மாவோரி மொழியில் அன்பளிப்பு என்று பொருள். கிளை நூலகங்களின் மெதுவான தொலைபேசி இணைப்பிலும் ஓடும்படி அது உலாவி வழியே இயங்கும் வலைச் செயலியாக எழுதப்பட்டது. திறந்த மூல மென்பொருளாக வெளியிடப்பட்டதால் உலகெங்கும் பரவி, இந்தியக் கல்லூரி நூலகங்கள் பலவற்றிலும் இன்று புழங்குகிறது. உறுப்பினர் அட்டையை வருடினால் அவருடைய பக்கம் திறக்கும். புத்தகத்தை வருடினால் அவர் பெயரில் பதிவாகும். நூலகர் விசைப்பலகையைத் தொடவே வேண்டியதில்லை.

இது நடக்க வலைப்பக்கத்தில் இருக்க வேண்டியவை மிகச் சில. உரைப்பெட்டி ஒன்று வேண்டும். பக்கம் திறந்ததும் சுட்டி அதில் நிற்க வேண்டும். ஸ்கேனர் எண்ணை அனுப்பி முடித்ததும் என்டர் விசையின் குறியையும் அனுப்பும்படி வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு உரைப்பெட்டி கொண்ட படிவத்தில் என்டர் அழுத்தினால் படிவத்தை அனுப்ப வேண்டும் என்று 1995இல் வந்த எச்.டி.எம்.எல். 2.0 விதியே கூறிவிட்டது. அந்த விதியை எழுதியவர்கள் ஸ்கேனரை எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. எனினும் பயன் ஸ்கேனருக்கும் கிடைத்தது.

உரைப்பெட்டியில் சுட்டி இல்லாவிட்டால் எண் காற்றில் போய்விடும், அல்லது வேறொரு பெட்டியில் விழும். பெயர்ப் பெட்டியில் 13 இலக்க எண் இருக்கும் பதிவுகள் இப்படி உண்டானவையே. இதைத் தவிர்க்க நிரலாளர்கள் ஓர் உத்தி கண்டனர். தேர்ந்த தட்டச்சாளரும் நொடிக்கு ஐந்தாறு எழுத்துகளே அடிப்பார். ஸ்கேனரோ 13 இலக்கங்களையும் கண் இமைக்கும் நேரத்தில் கொட்டிவிடும். இரு விசைகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்தால், வந்தது மனிதக் கையா கருவியா என்று ஊகிக்கலாம். ஊகம்தான், மெதுவான கணினியில் அது தவறவும் கூடும். அதைவிட உறுதியான வழி, எண்ணுக்கு முன்னால் மனிதர் அடிக்காத ஒரு குறியை ஸ்கேனர் சேர்த்து அனுப்பும்படி அமைப்பது. ஸ்கேனரின் கையேட்டிலுள்ள சிறப்புப் பார்கோடுகளை அதே ஸ்கேனரால் படித்தே இந்த அமைப்புகளை மாற்றலாம்.

இன்னொரு தொல்லை தொடக்கத்தில் வரும் சுழியம். பார்கோடு எண்ணைக் கூட்டிக் கழிக்கும் எண்ணாகக் கருதிச் சேமித்தால் முன்னால் உள்ள 0 உதிர்ந்துவிடும். அமெரிக்காவின் 12 இலக்கக் குறியைச் சில ஸ்கேனர்கள் அப்படியே தரும். வேறு சில முன்னால் 0 சேர்த்து 13 ஆக்கித் தரும். ஒரே பொருள் இரு பதிவுகளாகி, இருப்புக் கணக்கு கெடும். பார்கோடை எண்ணாக அன்றி எழுத்துத் தொடராகவே சேமிக்க வேண்டும் என்பது இதனால் வந்த பாடம்.

வேடத்தின் விலை

விசைப்பலகை அனுப்புவது எழுத்தை அன்று, விசையின் இடத்தை மட்டுமே. அந்த இடத்துக்கு எந்த எழுத்து என்பதைக் கணினியின் மொழி அமைப்பு முடிவு செய்கிறது. பிரெஞ்சு விசைப்பலகையில் இலக்கங்களைப் பெற ஷிஃப்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். அமெரிக்க அமைப்பில் உள்ள ஸ்கேனரை அக்கணினியில் செருகினால் எண்களுக்குப் பதில் நிறுத்தக்குறிகளும் கூரையிட்ட எழுத்துகளும் வரும். தமிழ்நாட்டுக்கும் இது புதிதன்று. தமிழ்99 விசைப்பலகை இயக்கத்தில் இருக்கும்போது, ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த நூலகப் பார்கோடை வருடினால் தமிழ் எழுத்துகள் வந்து விழக்கூடும். இலக்கங்கள் மட்டும் உள்ள பார்கோடுக்கு அச்சிக்கல் இல்லை. புத்தகத் தலைப்பைத் தமிழில் அடித்துக்கொண்டே பார்கோடையும் வருடும் நூலகங்கள், பதிவெண்ணை இலக்கங்களால் மட்டும் அமைத்துக்கொள்வது நல்லது.

சில வகைப் பார்கோடுகளில், குறிப்பாக 1981இல் வந்த கோடு 128 என்ற வகையில், கணினியின் கட்டுப்பாட்டுக் குறிகளையும் அடக்கலாம். ஸ்கேனர் அவற்றைக் கன்ட்ரோல் விசையோடு சேர்ந்த அழுத்தமாக அனுப்பும். வரி மாற்றக் குறி கன்ட்ரோலும் ஜே-யும் சேர்ந்ததாகப் போய்ச் சேர்ந்தால், குரோம் உலாவியில் பதிவிறக்கப் பட்டியல் திறந்துகொள்ளும். ஒவ்வொரு முறை வருடும்போதும் அந்தப் பட்டியல் ஏன் திறக்கிறது என்று தெரியாமல் தவிக்கும் பணியாளரைக் குறை சொல்ல முடியாது.

2015இல் டென்சென்ட் நிறுவன ஆய்வாளர்கள் டோக்கியோவில் நடந்த பாதுகாப்பு மாநாட்டில் இதன் கடுமையான பக்கத்தைக் காட்டினர். தாளில் அச்சிட்ட பார்கோடுகளைக் காட்டியே கணினியின் கட்டளைச் சாளரத்தைத் திறந்து கட்டளையிட முடியும் என்று நிரூபித்தனர். விசைப்பலகையைத் தொட அனுமதியில்லாத வாடிக்கையாளர், ஸ்கேனரிடம் ஒரு தாளை நீட்டுவதன் மூலம் தட்டச்சு செய்துவிடுகிறார். கட்டுப்பாட்டுக் குறிகளை ஸ்கேனரிலேயே தடுப்பதும், வரும் உரையைச் செயலியில் சரிபார்ப்பதும் இதற்கான காவல்.

வேடம் களைதல்

விசைப்பலகை வேடம் இல்லாமலேயே வலைப்பக்கம் பார்கோடைப் பெற இரு வழிகள் பின்னர் உருவாயின. ஒன்று கேமரா. பயனர் அனுமதித்தால் வலைப்பக்கம் கேமராவைப் பயன்படுத்தும் வசதி 2010களில் உலாவிகளுக்கு வந்தது. படத்திலிருந்து பார்கோடைக் கண்டறியும் வேலையைச் சீப்ரா கிராசிங் என்னும் வரிக்குதிரைக் கடவைப் பெயரைச் சுருக்கி வைத்துக்கொண்ட ஸிஎக்ஸிங் போன்ற திறந்த மூல நிரல்தொகுப்புகள் செய்தன. 2020இல் ஆண்ட்ராய்டு குரோம் உலாவி பார்கோடு கண்டறியும் திறனைத் தன்னுள்ளேயே கொண்டது. எல்லா உலாவிகளும் இன்னும் அதை ஏற்கவில்லை. கைப்பேசி மட்டும் உள்ள சிறு கடைக்குக் கேமரா போதும். நாள் முழுதும் நூற்றுக்கணக்கில் வருடும் மேசைக்குத் தனி ஸ்கேனரே ஏற்றது. மங்கல் ஒளியிலும் அது உடனே படிக்கும். கையும் அவ்வளவாகச் சலிக்காது.

மற்றொன்று, 2021இல் குரோம் 89ஆம் பதிப்பில் வந்த வெப் எச்.ஐ.டி., வெப் சீரியல் என்னும் வசதிகள். இவை பயனரின் ஒப்புதலோடு வலைப்பக்கம் ஸ்கேனரோடு நேரே பேச வழி செய்கின்றன. ஆனால் விசைப்பலகை வேடத்தில் உள்ள கருவியை இவ்வழியில் தொட உலாவி விடாது. கடவுச்சொற்களை எந்தப் பக்கமும் திருடக்கூடாதல்லவா? எனவே ஸ்கேனரை முதலில் விற்பனைக் கருவி என்ற அதன் சொந்த அடையாளத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றிவிட்டால் சுட்டி எங்கே நின்றாலும், எந்த மொழி அமைப்பு இயங்கினாலும் எண் சரியாக வந்து சேரும்.

இதற்கிடையில் குறியும் மாறி வருகிறது. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் குழுவினரும் உருவாக்கிய கியூ.ஆர். குறிக்குள், பொருளின் எண்ணைக் கொண்ட ஒரு வலை முகவரியையே வைக்கும் முறையைப் பார்கோடு எண்களை நிர்வகிக்கும் ஜி.எஸ்.1 அமைப்பு வகுத்துள்ளது. கடைக் கல்லாக்கள் 2027 இறுதிக்குள் அத்தகைய குறிகளையும் படிக்கத் தயாராக வேண்டும் என்பது அதன் இலக்கு. முகவரியில் 01 என்ற பகுதியை அடுத்து வரும் 14 இலக்கங்களே பொருளின் எண். 13 இலக்கம் வருமென்று காத்திருக்கும் பழைய உரைப்பெட்டியில், இப்போது ஒரு முழு வலை முகவரி தட்டச்சாகி விழும். அதிலிருந்து எண்ணைப் பிரித்தெடுக்கும் சில வரிகளை உலகெங்கும் உள்ள வலைச் செயலிகளில் நிரலாளர்கள் சேர்க்க வேண்டியுள்ளது.